மனிதப் பிறவி ஒரே வகை என்றது சாங்கியம்!

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோழர்களில் பலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அது மடத்துச் சமாச்சாரம், மண்வெட்டி பிடிப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். எழ வேண்டாம், உட்காருங்கள் என்கிறோம். நம் தலையில் ஏற்றிய சுமைக்குத் தத்துவத்தின் பெயரால்தானே முத்திரை குத்தினார்கள்? அது நல்ல முத்திரையா, கள்ள முத்திரையா என்று பார்க்கும் உரிமை சுமந்தவனுக்கு இல்லையா?

முத்திரை இதுதான். சத்துவம், இராசதம், தாமதம் என்று குணங்கள் மூன்றாம். சத்துவம் மிகுந்தவன் மேலே, தாமதம் மிகுந்தவன் கீழே. ஆகவே நால்வருணம் இயற்கையே செய்த ஏற்பாடாம்! கீதையும் குணத்தையும் கருமத்தையும் காட்டித்தான் நால்வருணம் பேசுகிறது. ஆனால் முக்குணத்தை அடித்தளமாக வைத்து முறையாகக் கட்டி எழுப்பிய தரிசனம் சாங்கியம். சரக்கு எந்தக் கடையினதோ அந்தக் கடையிலேயே போய் விசாரிப்பதுதான் முறை.

கபிலர் தொடங்கியது என்பார்கள். இன்று நம் கையில் உள்ள பழைய நூல், ஈசுவரகிருஷ்ணர் செய்த சாங்கிய காரிகை. கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டு. எழுபது சொச்சம் செய்யுள். 6ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் என்ற பௌத்தத் துறவி அதைச் சீன மொழிக்குக் கொண்டுபோய்விட்டார். தமிழரும் அறியாதவர் அல்லர். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாளே, அந்த வரிசையில் சாங்கியனும் நிற்கிறான்.

என்ன சொல்கிறது சாங்கியம்? எள்ளில் எண்ணெய் இருக்கிறது, அதனால் செக்கில் வருகிறது. மணலைச் செக்கிலிட்டு மாடு சாகும்வரை ஆட்டினாலும் ஒரு சொட்டு வராது. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது. காரியம் காரணத்திலேயே ஒளிந்திருக்கிறது. இதுதான் அதன் அடிப்படை. அப்படியானால் இந்த உலகம்? மூலப்பகுதி என்ற ஆதிப்பொருளிலிருந்து புத்தி, அதிலிருந்து அகங்காரம், அதிலிருந்து மனமும் பொறிகளும் நுண்பொருள்களும், நுண்பொருள்களிலிருந்து ஐம்பூதங்களும் விரிந்தன. இவை இருபத்துநான்கு. பார்த்துக்கொண்டிருக்கும் புருடன் ஒன்று. ஆக இருபத்தைந்து.

படைத்தவன் எங்கே என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில் அவனுக்கு இடமில்லை! அறிவற்ற பொருள் தானே எப்படி இயங்கும் என்பதற்குக் காரிகை சொல்லும் பதில், கன்றுக்காகப் பால் சுரக்கிறதே, பாலுக்கு அறிவா இருக்கிறது என்பது. இதற்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர் இன்னும் ஒரு படி போகிறார். அறிவுள்ளவன் ஒரு காரியத்தைச் செய்தால் தன்னலத்துக்காகச் செய்வான், அல்லது இரக்கத்தால் செய்வான். குறையே இல்லாத ஈசுவரனுக்குத் தன்னலம் ஏது? படைப்புக்கு முன் துன்பப்படுகிற உயிரே இல்லாதபோது இரக்கம் யார்மேல்? இரக்கத்தால் படைத்தான் என்றால் எல்லோரையும் இன்பமாகவே படைத்திருக்க வேண்டாமா? இப்படிக் கேட்டவர் கறுப்புச் சட்டைக்காரர் அல்லர். வேதாந்தத்துக்கும் உரை செய்த மகாபண்டிதர்!

வேள்வியைக் காரிகை இரண்டாம் செய்யுளிலேயே தட்டிவிடுகிறது. அதில் தூய்மைக்கேடு உண்டு, பலன் அழியும், ஒருவனுக்கு மிகுதி ஒருவனுக்குக் குறைவு என்று குற்றம் மூன்று.

புருடன் பேச்சுக்கு வருவோம். பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தார் கட்டியது. செதுக்கிய கல், அகழி, அரைவட்டக் கொத்தளங்கள். 1751இல் அந்த வட்டாரத்தில்தான் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமதலியும் ஆங்கிலேயரும் ஒரு பக்கமாக மோதினார்கள். பல பொருள் சேர்த்துக் கட்டியது எதுவும் தனக்காக இருப்பதில்லை, பிறருக்காகவே இருக்கிறது. கட்டில் தானே படுத்துக்கொள்வதில்லை, படுப்பவன் வேறு என்பது சாங்கியர் வாதம். ரஞ்சன்குடியில் கல் சுமந்தவனுக்கு இந்த வாதத்தை யாரும் விளக்க வேண்டியிருந்திராது! உடம்பும் அப்படிப் பல சேர்ந்த கட்டடம்தான். ஆகவே அதை அனுபவிக்க ஒரு புருடன் வேண்டும் என்று முடிக்கிறார்கள். இந்தப் புருடன் ஒன்றும் செய்யமாட்டான், பார்த்துக்கொண்டிருப்பான், உழைப்பெல்லாம் இயற்கையினுடையது. நமக்கு வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணையார் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை.

ஆனால் கவனியுங்கள். புருடன் ஒருவன் அல்லன், உடம்புதோறும் ஒருவன் என்கிறது காரிகை. ஜாகீர்தாருக்கு ஒருவன், கல் தச்சனுக்கும் ஒருவன். இருவரும் குணமற்றவர்கள். குணம் இயற்கையைச் சேர்ந்தது. அதுவும் மூன்றும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும். திரியும் எண்ணெயும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகையானாலும் கூடித்தானே விளக்கு எரிகிறது? இது காரிகை காட்டும் விளக்குக்கு உரைகாரர் தரும் விளக்கம்.

இனி 53ஆம் செய்யுள். உயிர்களை எண்ணுகிறார் ஈசுவரகிருஷ்ணர். தேவர் எட்டு வகை. விலங்கு, பறவை, மரம் முதலியவை ஐந்து வகை. மனிதர்? ஒரே வகை! நான்கு அல்ல, நாலாயிரம் அல்ல, ஒன்று. அடுத்த செய்யுள் குணத்தைப் பங்கிடுகிறது. மேலுலகில் சத்துவம் மிகுதி, அடியில் தாமதம் மிகுதி, நடுவில் இராசதம் மிகுதி. நடுவில் இருப்பவர் மனிதர், எல்லா மனிதரும். மனிதருக்குள்ளே சத்துவத் தெரு, தாமதச் சேரி என்று கோடு கிழித்த இடம் அந்தச் செய்யுளில் இல்லை. வாசஸ்பதி மிசிரர் காரணமும் சொல்கிறார்: பிராமணன் முதலிய உட்பிரிவுகளைக் கருதாமல் ஒன்று என்றது, ஏனெனில் உடலமைப்பு நான்கு வருணத்தாருக்கும் ஒன்றே.

சாங்கியர் நம் கட்சிக்காரர் என்று நாம் சொல்லவில்லை. துன்பம் தீர அவர்கள் காட்டும் வழி, நான் வேறு இயற்கை வேறு என்று தெரிந்துகொண்டு விலகுவது. கூலி உயர்வுக்கு அது உதவாது. அறத்தால் மேற்பிறப்பு, மறத்தால் கீழ்ப்பிறப்பு என்ற பேச்சும் அதில் உண்டு. ஆனால் முக்குணத்தைக் காட்டி நால்வருணத்துக்கு நியாயம் பேசுகிறவர், 53ஐயும் 54ஐயும் என்ன செய்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வடநாட்டில்தான் இந்தக் கதை என்று எண்ண வேண்டாம். திருக்குறள் 27ஆம் பாட்டுக்கு உரை எழுதவந்த பரிமேலழகர், மூலப்பகுதி தொடங்கிப் புருடன் ஈறாக இருபத்தைந்தையும் சாங்கிய நூலைச் சொல்லியே அழகாக வகுத்துக் காட்டினார். அதே பரிமேலழகர் தம் உரையின் பாயிரத்தில் ஒழுக்கம் எது என்று சொல்ல வரும்போது, அந்தணர் முதலிய வருணத்தாருக்கு அவரவர் நிலையில் விதித்தது என்றார். உரை எழுதியதோ, 972ஆம் குறளில் பிறப்பு எல்லா உயிர்க்கும் ஒப்பு என்ற வள்ளுவருக்கு! எண்ணிக்கையை எடுத்துக்கொண்டவர் கண்ணில் அந்த 'ஒரே வகை' படவில்லையா?