கூரைப் பாலம் கட்டிய அடிமை

பாலத்துக்குக் கூரை எதற்கு? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரெட் ஓக் ஓடையின் மேல் நிற்கும் மரப்பாலத்தின் படத்தைப் பார்த்தால் நமக்கு முதலில் எழும் கேள்வி இதுதான். இரு பக்கமும் பலகைச் சுவர், மேலே கூரை. ஓடைக்குக் குறுக்கே நீளமான வீடு ஒன்றைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது.

கூரை போவோர் வருவோருக்காக அல்ல, பாலத்துக்காகவே. மழையில் நனைந்து வெயிலில் காயும் மரம் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். பாரம் தாங்கும் சட்டங்கள் நனையாமல் மூடிவிட்டால் நூறாண்டு கடந்தும் நிற்கும். 1840-களில் எழுந்த ரெட் ஓக் பாலம் இன்றும் நிற்கிறது.

அதைக் கட்டியவராக அறியப்படுபவர் ஹோரஸ் கிங். 1807-ல் தெற்கு கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். ஜான் காட்வின் என்ற ஒப்பந்தக்காரர் அவரை விலைக்கு வாங்கினார். 1832-ல் சட்டஹூச்சி ஆற்றின் மேல் கொலம்பஸ் நகரத்துப் பாலத்தைக் கட்டும் வேலை காட்வினுக்குக் கிடைத்தது. ஒப்பந்தம் எஜமானர் பெயரில். உழைப்பு கிங்கும் மற்ற அடிமைகளும் கொடுத்தது. 1841 வெள்ளத்தில் அந்தப் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, மீண்டும் கட்டியதிலும் கிங்கின் கை இருந்தது.

அவர் கையாண்டது, இத்தியல் டவுன் என்பவர் 1820-ல் காப்புரிமை பெற்ற முறை. பலகைகளை எதிரெதிராகச் சாய்த்து, மூங்கில் தட்டி போலப் பின்னுவார்கள். பலகைகள் சந்திக்கும் இடமெல்லாம் துளையிட்டு, இரும்பு ஆணிக்குப் பதிலாக மரமுளை அடிப்பார்கள். பெரிய உத்தரங்கள் தேவையில்லை. ஆனால் துளை சற்றுத் தப்பினாலும் முளை இறங்காது. அளவும் கணக்கும் தெரிந்த கைதான் அதைச் செய்யமுடியும்.

அப்படிப்பட்ட கைக்குச் சொந்தக்காரர், சட்டப்படி இன்னொருவரின் சொத்து. 1846-ல் அலபாமா சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகே அவர் விடுதலை பெற்றார். உள்நாட்டுப் போர் முடிந்து, 1868-ல் அதே மாநிலத்தின் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் ஆனார்.

தொழிலைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். மகன் வாஷிங்டன் கிங் 1885-ல் கட்டிய 229 அடி நீள வாட்சன் மில் கூரைப் பாலமும் ஜார்ஜியாவில் நிற்கிறது. தந்தை மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

கிங் வாழ்ந்த காலத்திலேயே, 1873-ல், ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ நூலை எழுதி, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அங்கே நடந்த போராட்டம் நமக்கும் உரியது என்று அவர் கண்டுகொண்டார்.

தலைமுறை தலைமுறையாக மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் நாம். நம் ஊர்ப் பாலத்துத் திறப்புவிழாக் கல்லில் யார் பெயர் இருக்கிறது, அதைக் கட்டியவர்கள் யார் என்று மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைக்கும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.