விலையும் நாதமும்: ஓர் எலெக்ட்ரிக் கிதாரை மதிப்பிடும் வழி

சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் அடுக்குமாடி வீடுகள் எழுந்து, வண்டலூரும் ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் எது எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்ட இந்நாளில், மாலை மின்சார ரயிலிலிருந்து தோளில் கறுப்பு உறையிட்ட கிதாருடன் இறங்கும் வாலிபர்களைக் காண்பது அபூர்வம் அல்ல. அவர்களில் உத்தியோகம் கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்து, பல வருஷங்களாகப் படத்தில் மட்டுமே பார்த்துவந்த வாத்தியத்தை இனி வாங்கிவிடலாம் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. சாதாரண மாதிரியின் விலையைப்போல் மூன்று மடங்கும் நான்கு மடங்கும் கேட்கிற, ‘லிமிடெட் எடிஷன்’ என்று முத்திரை குத்திய, வரிசை எண்ணும் சான்றிதழும் அழகிய பெட்டியுமாக வருகிற கிதார்தான் அந்தச் சோதனை. வாங்கலாமா, கூடாதா? மாதச் சம்பளக் குடும்பத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. வீட்டு வாடகையோடும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தோடும் சேர்த்து எடைபோட வேண்டிய கேள்வி.

அத்தகைய கிதாரின் விலையில் மூன்று அம்சங்கள் கலந்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். மரமும் கம்பியும் வேலைப்பாடுமாகிய வாத்தியம் முதலாவது. அதன்மேல் ஏற்றப்பட்ட கதை இரண்டாவது. இப்போது விட்டால் இனிக் கிடைக்காது என்னும் அச்சம் மூன்றாவது. விரலுக்குப் பிரயோஜனப்படுவது முதலாவது மாத்திரமே. மற்ற இரண்டுக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுத்தால் குற்றமில்லை; அறியாமல் கொடுப்பதுதான் பிற்பாடு மனத்தை உறுத்தும்.

கதைக்கு எவ்வளவு விலை ஏறும் என்பதற்கு ஆங்கிலேய ராக் கிதார் வித்வான் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ என்னும் கறுப்பு கிதாரைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 1970-ல் அவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்கள் ஆறினை மொத்தமாக வாங்கி, மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் என்னும் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றிலும் தமக்குப் பிடித்த பாகங்களைப் பொறுக்கி ஒரே கிதாராகச் சேர்த்து, அதையே பல வருஷம் மேடைமேடையாக வாசித்தார். 2004-ல், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக அவர் நிறுவிய சிகிச்சை நிலையத்தின் பொருட்டு நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போயிற்று. 2006-ல் ஃபெண்டர் ஸ்தாபனம் அதைப் பார்த்து 275 பிரதிகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் 24,000 டாலர் விலை வைத்தது. கழுத்தின் தேய்மானமும், வர்ணம் உதிர்ந்த இடங்களும், கிளாப்டன் சிகரெட்டைச் செருகி வைத்துத் தலைப்பாகத்தில் உண்டாக்கிய கருகலுங்கூட அந்தப் பிரதிகளில் தொழிலாளர்களின் கையால் அப்படியே உருவாக்கப்பட்டன. அந்தக் கைவேலை அற்புதமானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் பிளாக்கியின் மேன்மை எதில் இருந்தது? ஒரு வித்வான் பல கிதார்களைத் தம் கையால் வாசித்துப் பார்த்து, தம் கைக்கு இசைந்த பாகங்களைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. பிரதியை வாங்குகிறவருக்கு அந்தத் தேர்வின் பலன் கிடைக்கிறது, ஆனால் தேர்வு செய்யும் பாக்கியம் கிடைப்பதில்லை. கிளாப்டனின் விரலுக்கு இசைந்த கழுத்து ஊரப்பாக்கத்து வாலிபரின் விரலுக்கும் இசையும் என்பதற்கு எந்தச் சான்றிதழும் பொறுப்பேற்காது.

இனி, அந்த அச்சத்தை உண்டாக்கும் அருமை என்னும் அம்சம். 1958 முதல் 1960 வரை கிப்சன் ஸ்தாபனம் செய்த, சூரியாஸ்தமன வர்ணம் பூசிய லெஸ் பால் கிதார்கள் இன்று லட்சக்கணக்கான டாலர் விலைபோகின்றன. அவை மொத்தம் 2,000-க்கும் குறைவு. அவற்றை அபூர்வமாக்க வேண்டுமென்று அன்று யாரும் நினைக்கவில்லை. போதிய விற்பனை இல்லாததால் அந்த உருவமே கைவிடப்பட்டு, 1961-ல் வேறு உருவம் வந்தது. பிற்காலத்தில் பெரிய வாத்தியக்காரர்கள் அவற்றைத் தேடி எடுத்து வாசித்ததும், இடையில் பல உடைந்தும் மாற்றப்பட்டும் போனதுமே அந்த விலையை உண்டாக்கின. இன்றைய லிமிடெட் எடிஷன் விஷயம் வேறு. அதன் அருமை விற்பனைக்கு முன்பே விளம்பரம் செய்யப்படுகிறது. வாங்குகிறவர்களில் பலரும் நாளைய லாபத்தை உத்தேசித்துப் பெட்டியைத் திறவாமலே பத்திரப்படுத்துகிறார்கள். ஆதலால் 20 வருஷம் கழித்தும் அநேகமாக எல்லாம் புதுமெருகு குலையாமல் சந்தைக்கு வரக்கூடும். போதாக்குறைக்கு, அடுத்த வருஷமே அதே கிதார் வேறொரு வர்ணத்தில் வேறொரு ‘லிமிடெட்’ முத்திரையோடு வெளிவருவதை யாரும் தடுக்க முடியாது. முதலீடாகக் கருதி இதை வாங்குவோரை நான் தயங்காமல் தடுப்பேன்.

இனி வாத்தியம் என்னும் அம்சத்துக்கு வருவோம்; நம் ராகங்களை அந்நிய வாத்தியங்களில் நிலைநாட்டியவர்களைப் பார்ப்போம். ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்து, பிறகு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குச் சென்ற கிதார் பிரசன்னா, எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்து உலகெங்கும் கீர்த்தி பெற்றவர். 2010-ல் அவர் தொடங்கிய சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடம் மாமல்லபுரத்துக்கும் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யூர்ப் பக்கம், இன்றைய செங்கற்பட்டு மாவட்ட எல்லைக்குள்தான் அமைந்தது. அவருடைய வாசிப்பில் நம்மைக் கட்டிப்போடுவது கம்பியை இழுத்தும் வழுக்கியும் அவர் கொண்டுவரும் கமகம். அதற்கு வேண்டியது இழுப்புக்கு ஈடுகொடுக்கிற கம்பியும், விரலை உறுத்தாத மெட்டும், வருஷக்கணக்கான சாதகமும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் செய்ததும் இதுவே. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி பூட்டிய மாண்டலின் கமகத்துக்கு ஒத்துவராதென்று கண்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினை அவர் கைக்கொண்டார். வாத்தியத்தைத் தம் சங்கீதத்துக்கு ஏற்ப மாற்றினாரேயன்றி, அதன் மூலவடிவத்தைத் தொடக்கூடாத பொருளாகப் போற்றவில்லை. லிமிடெட் எடிஷன் வாங்கியவருக்கோ ஒரு திருகாணியை மாற்றவும் மனம் வராது. மாற்றினால் மதிப்புக் குறைந்துவிடுமே!

விலை அதிகம் என்பதற்காகவே எதையும் ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூரில் குடம், தண்டி, யாளிமுகம் எல்லாவற்றையும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுக்கும் ஏகாந்த வீணைக்கு ஒட்டு வீணையைவிட அதிக விலை கொடுக்கிறோம். ஒட்டில்லாத மரத்தில் நாதம் தடையின்றி ஓடும் என்ற நம்பிக்கைக்கும், அதற்கு வேண்டிய பெருமரத்துக்கும், ஆசாரியின் உழைப்புக்கும் கொடுக்கும் விலை அது. எலெக்ட்ரிக் கிதாரில் வீணைக்குடம் செய்யும் வேலையைப் பெரும்பாலும் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் செய்துவிடுகின்றன. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் மெல்லிய தாமிரக் கம்பி சுற்றியிருக்கும் பிக்கப்புக்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது, காந்தப்புலம் கலங்கி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்ப்ளிஃபையர் ஒலியாக்குகிறது. ஆகவே விலை உயர்ந்த கிதாரை இரைச்சலுள்ள மலிவான ஆம்ப்ளிஃபையரில் பூட்டினால் போட்ட பணத்தில் பாதி வீண். நம் வீடுகளில் எர்த் சரியில்லாத பிளக்கில் ஒற்றைச் சுருள் பிக்கப்புள்ள கிதாரைச் செருகினால் எழும் ‘உம்ம்’ என்ற முனகலுக்கு லிமிடெட் எடிஷனும் சாதாரணமும் ஒன்றே. அமெரிக்காவிலிருந்து ஆம்ப்ளிஃபையரும் சேர்த்துத் தருவிப்போர் அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும்.

நம் கடற்கரைச் சீமையின் காற்றைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். மாமல்லபுரத்துக் கடைவீதியில் இரும்புக் கதவுகளைப் பார்த்தவருக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. உள்ளே தள்ளியிருக்கும் ஊரப்பாக்கத்திலும் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்து ஈரம் குறைவல்ல. ஈரத்தில் மரம் உப்பும், இரவெல்லாம் ஏ.ஸி. ஓடும் அறையில் உலர்ந்து சுருங்கும். பகலில் மறுபடி உப்பும். இந்த ஆட்டத்தில் கழுத்து சற்றே வளையும், கம்பி மெட்டில் பட்டு ‘ஜிர்’ரென்று ஒலிக்கும். கழுத்துக்குள் புதைத்திருக்கும் இரும்புத் தண்டை விவரமறிந்தவர் கால் சுற்றுத் திருகினால் அது சரியாகிவிடும். ஆனால் பழைய முறைப்படி நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய விசேஷ கிதார்களில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்த மெருகு மிக மெல்லியது. திடீர் உஷ்ணமாற்றத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ரப்பர் தாங்கியில் பலநாள் சாய்த்து வைத்தால் தொட்ட இடத்தில் இளகி, நிரந்தர வடுவாகிவிடும். வாசித்த கையோடு பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்து, பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிகா பொட்டலம் போட்டு வைக்கும் பொறுமை இல்லாதவர்கள், தடித்த பாலியெஸ்டர் மெருகு பூசிய சாதாரண கிதாரோடு சந்தோஷமாக வாழலாம்.

மரத்தைப்பற்றியும் ஒன்று. பல கிதார்களின் விரற்பலகைக்கு உதவும் ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரந்தான். அமெரிக்கக் கிதார்களாக நம்மிடம் திரும்பி வருகிறவற்றுள் பலவற்றில் நம் காட்டு மரமே இருக்கிறது. ஆனால் சில லிமிடெட் எடிஷன்களில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பெருமையாகச் சேர்ப்பதுண்டு. அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் கிடைத்த விலக்கு அதற்கு இல்லை. உரிய பத்திரமின்றி எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதலாகக்கூடும். சுங்கவரி, ஜி.எஸ்.டி., கப்பல்கூலி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைக் கூட்டிய பிறகு நிற்கும் தொகையே உண்மையான விலை என்பதையும், திரும்ப விற்கும் நாளில் அவற்றில் ஒரு காசும் திரும்பாது என்பதையும் மறக்கலாகாது.

என் தீர்ப்பு இது. பல வருஷம் வாசித்து, எந்தக் கழுத்து தமக்கு உகந்தது என்று விரலாலேயே அறிந்தவர், கடன் வாங்காமல், அதைத் தினமும் எடுத்து வாசிக்கும் உத்தேசத்தோடு வாங்கினால், தாராளமாக வாங்கட்டும். அந்த ஆனந்தத்தை யாரும் கணக்குப் பார்த்துக் கெடுக்க வேண்டாம். முதல் கிதார் வாங்குவோரும், விலையேறும் என்று வாங்குவோரும், தவணை கட்டி வாங்குவோரும் விட்டுவிடுவது நலம்.

இன்னும் சந்தேகம் தீராதவர்கள் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாமல், 1842-ல் தொடங்கப்பட்டு, இன்று சென்னை அண்ணா சாலையில் வாத்தியம் விற்றுவரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைக்கு நேரே போய், அதே கம்பெனியின் சாதாரண மாதிரியையும் லிமிடெட் எடிஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் மின்சாரமின்றி வாசித்து நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறதென்று கேளுங்கள். கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டி மெட்டுக்களின் முனை உறுத்துகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அங்கேயே தொட்டு எடுக்கும் ஸ்வரமும் ஒன்றாயிருக்கின்றனவா என்று சோதியுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நண்பர் ஒருவரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் தரச் சொல்லுங்கள். எது எதுவென்று விரலும் காதும் சொல்லாவிட்டால், சாதாரணத்தை வாங்கி, அதன் மெட்டுக்களைத் தேர்ந்தவரிடம் சீர்படுத்தி, மிச்சப் பணத்தை நல்ல ஆம்ப்ளிஃபையருக்கும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கும் கொடுங்கள்.