பாவோவின் மூன்று மொழிகளும் நம்முடைய ஒரு மொழியும்

பாவோ என்பது ஒரு கிரகத்தின் பெயர். வரைபடத்தில் தேட வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ஜக் வான்ஸ் கற்பனையில் படைத்தது அது. 'பாவோவின் மொழிகள்' என்ற அவருடைய அறிவியல் புனைகதை நாவல் 1958இல் நூலாக வெளிவந்தது. மொழி மனிதனின் சிந்தனையை எவ்வளவு தூரம் வடிவமைக்கிறது என்ற கேள்வியையே கதையாக்கிய முன்னோடி நாவல்களில் அதுவும் ஒன்று.

கதை இதுதான். பாவோவின் மக்கள் சாதுவானவர்கள், எதையும் சகித்துக்கொண்டு போகிறவர்கள். அவர்களுடைய மொழியில் வினைச்சொல் இல்லை. 'நல்லது, அதைவிட நல்லது' என்று ஒப்பிடும் வழியும் இல்லை. வெளிக்கிரகத்தார் வந்து கப்பம் கேட்டாலும் எதிர்க்கத் தெரியாமல் கொடுத்துவிடுகிறார்கள். பாலபொக்ஸ் என்ற வேற்றுக்கிரக அறிஞன் இதற்கு ஒரு மருந்து சொல்கிறான். ஆயுதம் கொடுத்துப் பயனில்லை, மொழியை மாற்று. போர்வீரருக்கு ஒரு மொழி, தொழில்நுட்பருக்கு ஒரு மொழி, வணிகருக்கு ஒரு மொழி என மூன்று புதிய மொழிகள் உருவாக்கப்படுகின்றன. சனங்கள் ஊர் ஊராகப் பிரிக்கப்பட்டு, பிள்ளைகள் அந்தந்த மொழியிலேயே வளர்க்கப்படுகிறார்கள். ஒரு தலைமுறையில் பாவோ பலம் பெறுகிறது. ஆனால் ஒரே மண்ணில் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியராகிவிடுகிறார்கள்.

இந்தக் கதையை உயர்தர வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அப்ப மொழி மாறினா மனுசனும் மாறிடுவானா சேர்?" என்பதுதான். இரண்டாவது கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாவல் வருவதற்கு இரண்டு வருடம் முன்னர், 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் நமது நாட்டின் அரசகரும மொழியாக்கியது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987இன் 13ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று தனித்தனி வகுப்பறைகளில் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. வான்ஸ் இலங்கையை நினைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இலங்கையில் இருந்து வாசிப்பவருக்குப் பாவோ அவ்வளவு தூரத்தில் இல்லை.

நாவலுக்குப் பின்னால் இருக்கும் கருத்தை எட்வர்ட் சப்பீர், அவருடைய மாணவர் பெஞ்சமின் லீ வோர்ஃப் ஆகியோரின் பெயரால் வழங்குவார்கள். வோர்ஃப் தொழிலால் ஒரு தீக்காப்புறுதிக் கம்பனியின் தீத்தடுப்புப் பரிசோதகர். அவர் கண்ட ஒரு விஷயம் பாருங்கள். பெற்றோல் நிரம்பிய பீப்பாக்களுக்குப் பக்கத்தில் தொழிலாளர்கள் மிகக் கவனமாக இருப்பார்கள். 'வெறும்' பீப்பாக்களுக்குப் பக்கத்தில் தாராளமாகச் சிகரெட் பிடிப்பார்கள். உண்மையில் வெறும் பீப்பாவே அதிக ஆபத்தானது, உள்ளே தீப்பற்றக்கூடிய ஆவி நிறைந்திருப்பதால். 'வெறும்' என்ற சொல் 'ஒன்றுமில்லை' என்று நினைக்க வைத்தது. சொல் கண்ணை மறைத்தது என்று வோர்ஃப் விளங்கப்படுத்தினார்.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்த சொல் 'பழைய'. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுபிள்ளை. முள்ளியவளையிலிருந்து போன எங்களுக்குப் புத்தளத்தில் கிடைத்த பெயர் 'அகதி'. 2009இல் யுத்தம் முடிந்தபின் இடம்பெயர்ந்தோரைப் 'பழையவர்கள்', 'புதியவர்கள்' என்று பிரித்துப் பேசினார்கள். பழையவர்கள் நாங்கள். காலத்தைக் குறிக்கத்தான் அந்தச் சொல் வந்தது. ஆனால் 'பழைய' என்று கேட்டவுடன் 'இவர்களுடைய பாடு எப்போதோ முடிந்துபோனது' என்று கேட்பவருடைய மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். வீடில்லை, காணியில் காடு வளர்ந்து கிடக்கிறது, பிள்ளைக்குப் பாடசாலை தேட வேண்டும். இவ்வளவும் உள்ளே இருக்க, பீப்பா வெறுமையாகத் தெரிந்தது.

என்றாலும், மொழி சிந்தனையைச் சிறைவைக்கிறது என்ற கடும் வடிவத்தை இன்று மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. மொழி சிந்தனையைப் பழக்குகிறது என்ற மென்மையான வடிவத்துக்கே சான்றுகள் உண்டு. அதில் ஒன்று தமிழிலிருந்தே கிடைத்தது. எரிக் பீடர்சன் என்ற ஆய்வாளர் மதுரைப் பகுதியில் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. கிராமத்தார் 'வடக்கே இருக்கிறது, கிழக்கே இருக்கிறது' என்று திசை சொல்லிப் பேசினார்கள். நகரத்தார் 'இடப்பக்கம், வலப்பக்கம்' என்றார்கள். மேசையில் பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டி, பிறகு ஆளை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, 'பார்த்தபடி மறுபடி அடுக்குங்கள்' என்று சொல்வது இவ்வகை ஆய்வின் முறை. திசை சொல்லிப் பழகியவர்கள் பெரும்பாலும் திசை மாறாமல் அடுக்கினார்கள். இடம் வலம் சொல்லிப் பழகியவர்கள் தங்கள் உடம்பை வைத்து அடுக்கினார்கள்.

இரு சாராரும் பேசியது தமிழ்தான் என்பதைக் கவனியுங்கள். எந்த மொழி என்பதைவிட, அந்த மொழியில் எதைச் சொல்லிப் பழகினோம் என்பதே மனதைப் பழக்கியிருக்கிறது. நம்முடைய காணி உறுதியில் எல்லை எழுதும்போது வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார் காணி என்றுதான் எழுதுகிறோம். வாசித்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் வளவின் வடக்கு எது என்று தெரியும்.

வான்ஸின் கணக்கு இந்த இடத்தில்தான் எனக்குப் போதாமல் போகிறது. மொழி வேறானால் மனம் வேறு, மனம் வேறானால் சமூகம் வேறு என்பது அவருடைய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால், மொழி ஒன்றானால் மனமும் ஒன்றாக இருக்க வேண்டுமே! வடக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பேசியது ஒரே மொழி. நோன்பு, தொழுகை, பெருநாள் என்று நம்முடைய மார்க்கக் கடமைகளைக்கூடத் தமிழ்ச் சொல்லால் சொல்லி வந்தவர்கள் நாம். 1990இல் வெளியேறச் சொன்ன உத்தரவும் அதே தமிழில்தான் வந்தது. ஒரு சொல்லுக்கும் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஆகவே மொழிக்குள்ளேயே தேட வேண்டும். மொழிகளுக்கு இடையிலான வேறுபாடு எதைச் சொல்ல முடியும் என்பதில் இல்லை, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் இருக்கிறது என்று ரோமன் ஜேகப்சன் 1959இல் விளக்கினார். தமிழ் தன்மைப் பன்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் 'நஹ்னு', சிங்களத்தில் 'அபி', ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல். கேட்பவர் அதற்குள் அடங்குகிறாரா என்று அந்தச் சொல்லால் தெரியாது. தமிழ் இலக்கணம் அப்படி விடாது. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', விட்டால் 'நாங்கள்'. எழுத்துத் தமிழில் பேனா எடுக்கும் ஒவ்வொரு தடவையும், எதிரில் இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று முடிவெடுத்தாக வேண்டும். 'நமது ஊர்' என்று எழுதும் பிள்ளையும் 'எங்கள் ஊர்' என்று எழுதும் பிள்ளையும் ஒரே ஊரை எழுதவில்லை. இந்தக் கட்டுரையிலும் இரண்டும் வந்திருக்கின்றன. எங்கே எது என்று திரும்பிப் பார்த்தால் தெரியும்.

ஆனால் வாய்ப்பேச்சு வேறு மாதிரி. வடக்கிலும் வன்னியிலும் 'நாம்' பேச்சில் அபூர்வம். "வாங்கோ, நாங்கள் போவம்" என்றுதான் சொல்வார்கள், கேட்பவரையும் கூட்டிக்கொண்டு. உம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவா, பக்கத்து வளவுத் தமிழ் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவா. இலக்கண வேறுபாடு பேச்சில் இல்லாததால் யாருக்கும் விளக்கம் குறைந்து போனதில்லை. சேர்ப்பதா விடுவதா என்பதை முன்னால் நிற்கும் 'வாங்கோ' முடிவுசெய்கிறது. கடும் வடிவத்துக்கு எதிராக இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. சொல் இல்லாத இடத்தில் அழைப்பு அந்த வேலையைச் செய்யும். அழைப்பு இல்லாத இடத்தில் எந்தச் சொல்லாலும் அதைச் செய்ய முடியாது.

நாவலின் முடிவும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. மூன்று மொழியாருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர்களாகப் பயிற்றப்பட்ட இளைஞர்கள், விளையாட்டாக எல்லா மொழியிலும் துண்டு துண்டாக எடுத்து ஒரு கலப்பு மொழி உண்டாக்குகிறார்கள். கடைசியில் பாவோவின் பிள்ளைகள் எல்லோருக்கும் அதையே கற்பிப்பது என்று முடிவாகிறது. வான்ஸ் அந்தக் கலப்பு மொழியை மருந்தாகக் காட்டுகிறார். நான் வாசித்த வரையில், மருந்து அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. அந்த இளைஞர்கள் ஒன்றாக இருந்து படித்தார்கள், ஒன்றாகச் சிரித்தார்கள். மொழி பிறகு வந்தது.

நம்முடைய பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். நன்றாகப் படிக்கட்டும், பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் படிக்காமல். ஆனால் அதோடு காரியம் முடிந்துவிடும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. ஒரே மொழி பேசிய அயலவர்கள் பிரிந்ததைக் கண்ட ஊர் முள்ளியவளை. திரும்பி வந்து குடியேறிய பிறகு, பக்கத்து வளவிலிருந்து "வாங்கோ" என்ற சொல் மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது வீட்டினதும் பள்ளிக்கூடத்தினதும் வேலை.