தேய்மானக் கணக்கு

வணிகவியல் மாணவர்களுக்குக் கற்பனை வளம் குறைவு என்று இலக்கிய வகுப்பு நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பேரேட்டிலும் ஐந்தொகையிலும் என்ன கவிதை இருந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். எங்கள் பாடநூலில் ‘தேய்மானம்’ என்றொரு பாடம் இருக்கிறது. கலையும் தொழிலும் உடல்நலமும் ஒரு பெண்ணின் வாழ்வில் எங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன, எங்கே ஒன்றையொன்று அரிக்கின்றன என்பதை எனக்குப் புரிய வைத்தது அந்தப் பாடந்தான். அதை நம் கல்லூரித் தோழிகளோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தேய்மானம் என்றால் என்ன?

ஒருவர் 12,000 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் வாங்குகிறார். அது பத்து ஆண்டுகள் உழைக்கும்; பிறகு பழைய இரும்புக்காரரிடம் போட்டால் 2,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் கரையும் 10,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளுக்கும் பங்கிட்டு, ஆண்டுக்கு 1,000 ரூபாய் செலவு என்று எழுத வேண்டும். இதற்கு நேர்கோட்டு முறை என்று பெயர். அந்த ஆயிரம் ரூபாய் அந்த ஆண்டில் யார் கைக்கும் போவதில்லை. ஆனாலும் அதை எழுதாவிட்டால் இலாபம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அந்தப் பொய் இலாபத்தை நம்பிச் செலவு செய்கிறவர் உண்மையில் தம் முதலையே தின்றுகொண்டிருக்கிறார். பத்தாம் ஆண்டில் இயந்திரம் நின்றுபோகும்போது, வேறொன்று வாங்கக் கையில் காசு இராது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

என் ஊர் விக்கிரமசிங்கபுரம். என் தாயார் வீட்டிலேயே ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறார். மரச் சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, கொக்கி ஊசியால் நூலும் மணியும் சரிகையும் கோத்துப் பூவும் கொடியும் மயிலுமாக வரைவதே ஆரி வேலை. முறையாகச் சித்திரம் பயிலாதவர் அவர். ஆனாலும் பாபநாசத்துப் படித்துறையில் பார்த்த மீன் கூட்டத்தை ஒரு ரவிக்கையின் கைப்பட்டியில் நீந்தவிட்டார். இதைக் கலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கலை கையில் இருந்தாலும் விலை கையில் இல்லை. எங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் கூலியைக் குறைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். “உங்க தெருவுல இந்த விலையா?” என்று என் காது படவே கேட்டதுண்டு. பெண் என்பதால் ஒரு குறைப்பு. பிறந்த தெருவால் இன்னொரு குறைப்பு. இவ்விரண்டையும் ஈடுகட்ட என் தாயார் கண்டுபிடித்த வழி ஒன்றே: இன்னும் இரண்டு மணி நேரம் அதிகமாக உழைப்பது. தை மாதத்திலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால், இரவு ஒரு மணிக்கும் எங்கள் வீட்டில் விளக்கு எரியும்.

சென்ற ஆண்டு ஆவணிக்குப் பிறகு அவருக்கு வலக்கை விரல்கள் மரத்துப்போயின. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மருத்துவருக்கும் மருந்துக்கும் புதிய மூக்குக்கண்ணாடிக்குமாக 6,400 ரூபாய் செலவாயிற்று. பத்தொன்பது நாட்கள் ஊசி தொடவில்லை. முன்பணம் வாங்கியிருந்த இரண்டு ரவிக்கைகளைத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த நாட்களில்தான், படித்த படிப்பு வீட்டுக்கு உதவட்டுமே என்று அவருடைய தொழிலுக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு ரவிக்கைக்கு வரவு 1,800 ரூபாய். மணி, நூல், சரிகைக்கு 450. தையற்கூலிக்கும் உள்துணிக்கும் 250. மீதி 1,100. தையல் இயந்திரத்துக்கும் மறவாமல் தேய்மானம் எழுதினேன். பெருமையோடு வாசித்துக் காட்டினேன். கழுத்துப் பட்டையோடு படுத்திருந்த அம்மா கேட்டார்:

“ஏட்டி, மிஷினு தேயுதுன்னு எழுதியிருக்கியே, என் கழுத்து தேஞ்சத எங்க எழுதியிருக்க?”

என்னிடம் பதில் இல்லை. பாடநூலிலும் இல்லை. மீதி 1,100 ரூபாய் என்று எழுதினேனே, அதற்காக அவர் செலவிட்டது 22 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். அந்த ஐம்பதிலிருந்துதான் கண்ணும் கழுத்தும் விரலும் தம் தேய்மானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இலாபம் என்று நாங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் முதலைத்தான்.

எங்கள் ஊர் மில் ஊர். 1880களில் பாபநாசத்து நீர்விசையை நம்பி ஹார்வி கம்பெனியார் இங்கே பஞ்சாலை நிறுவினார்கள். என் தாத்தா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் உள்ளே. சங்கு ஊதினால் வெளியே. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை கூடாது என்றெல்லாம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. ஒரு மனிதனின் உடலுக்கு எல்லை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. வீட்டில் தொழில் செய்யும் பெண்ணுக்கு எந்தச் சங்கும் ஊதுவதில்லை. முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. ஓய்வு கேட்டால் மறுப்பவளும் அவளே. கல்லூரிக்கு வரும் வழியில் பேருந்து பத்தமடையைக் கடக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். பட்டுப்போல் மடியும் கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற ஊர் அது. பாயின் நயத்தை இழை எண்ணிச் சொல்வார்கள். நெய்தவள் குனிந்திருந்த மணிகளை எண்ணுவார் இல்லை.

கலையையும் தொழிலையும் ஒரு கையில் பிடித்த பெண்கள் தமிழகத்தில் முன்பே இருந்திருக்கிறார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர்; பள்ளிக்கூடம் செல்லாதவர்; ஐந்து வயதில் மணமானவர். தம் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். மேடையில் பேசினார், பாடினார், விடுதலைப் போரில் சிறையும் சென்றார். 1956இல் ஒரே மகனை இழந்தார். எலும்புருக்கி நோயால் 1960இல் மறைந்தபோது அவருக்கு வயது 58. அவருடைய நாவல்களின் எண்ணிக்கையை நாம் பெருமையோடு சொல்கிறோம். அத்தனை பக்கங்களுக்கும் அந்த உடல் என்ன விலை கொடுத்திருக்கும் என்று நாம் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் கடல் கடந்த நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி. ஆட்ரி லார்ட், அமெரிக்கக் கருப்பினக் கவிஞர். 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். நூலகராக வேலை செய்தார், பேராசிரியராக இருந்தார், இரு பிள்ளைகளை வளர்த்தார். கருப்பினப் பெண்களின் எழுத்தை வெளியிடப் பிறர் தயங்கிய காலத்தில், 1980இல் பார்பரா ஸ்மித் முதலிய தோழியரோடு சேர்ந்து ஒரு பதிப்பகமே தொடங்கினார். அதற்குச் ‘சமையற்கட்டு மேசை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பெண்கள் கூடி உழைப்பதும் உரையாடுவதும் அங்கேதானே!

1978இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அது கல்லீரலில் தோன்றியது. நோயோடு போராடிய நாட்களின் குறிப்புகளைக் கொண்ட நூலொன்றை 1988இல் வெளியிட்டார். ஒடுக்கப்பட்ட பெண் தன் உடலைப் பேணுவதைச் சொகுசு என்று எண்ணிவிடக் கூடாது. அவள் அழிந்துபோவதைப் பற்றிக் கவலைப்படாத உலகில், பிழைத்திருப்பதே அவளுடைய போராட்டத்தின் ஒரு பகுதி என்பது அவருடைய வாதம். 1992இல் அவர் மறைந்தார். நிறத்தால் ஒரு பாரமும் பெண்மையால் ஒரு பாரமும் சுமந்த அவருடைய வாழ்வைப் படித்தபோது, எங்கள் தெருவின் பெயரைக் கேட்டுக் கூலி குறைத்தவர்களின் முகங்கள் என் கண்முன் வந்து போயின. இரட்டைப் பாரம் சுமப்பவளுக்குத் தேய்மானமும் இரட்டிப்பு. ஆகவே, கணக்கும் இரட்டிப்புக் கவனத்தோடு எழுதப்பட வேண்டும்.

எழுதினோம். நானும் அம்மாவும் புதிய ஏடு ஒன்று போட்டோம். அதில் மூன்று பத்திகள்.

முதற்பத்தி, தொழில். பொருட்செலவோடு வேலை செய்யும் மணிகளையும் குறித்து, மணிக்கு இவ்வளவு என்று கூலி வைத்து விலை சொல்கிறோம். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரே விலை.

இரண்டாம் பத்தி, உடல். ஒவ்வொரு ரவிக்கையின் வரவிலும் பத்தில் ஒரு பங்கைத் தேய்மான ஒதுக்காகத் தனி டப்பாவில் போடுகிறோம். மாலை ஏழரைக்கு நான் வாயாலேயே சங்கு ஊதுவேன். சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை கிடையாது. எண்ணெய் தேய்த்துத் தாமிரபரணியில் முழுக்கு.

மூன்றாம் பத்தி, கலை. மாதம் ஒரு துணி, யாரும் கேட்காத சித்திரம். அம்மாவின் மனத்தில் தோன்றியது மட்டும்.

இதனால் எல்லாம் செழித்துவிட்டது என்று சொன்னால் அது பொய்க் கணக்கு ஆகிவிடும். புதிய விலை கேட்டு நான்கு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். சில மாதங்களில் வரவு குறைந்தது. என் தேர்வுக் கட்டணத்துக்குத் தேய்மான டப்பாவையே ஒருமுறை உடைத்தோம். அம்மாவின் சுண்டு விரல் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் இந்தத் தை மாதம் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. மாதம் ஒன்றாகச் செய்த துணிகளில் ஒரு மயிலைப் பார்த்த ஒருவர், விலை பேசாமல் அதைப் போலவே கேட்டு வாங்கினார். மூன்றாம் பத்தி முதற்பத்திக்குக் கொடுத்த வரவு அது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். பெண்களுக்கு அந்தப் பழமொழியை அறிவுரையாகச் சொல்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். சுவரைப் பூச ஆகும் செலவைச் சித்திரத்தின் விலையில் சேர்க்க வேண்டாமா?

தோழியரே, உங்கள் வீட்டில் தைக்கிறவர், பாய் முடைகிறவர், பீடி சுற்றுகிறவர், மாவு அரைத்து விற்கிறவர் யாரேனும் இருப்பார். இன்று மாலை ஒரு தாளை எடுத்து, அவர் பக்கத்தில் அமர்ந்து கணக்கு எழுதுங்கள். இயந்திரத்துக்கு எழுதிய பின், அடுத்த வரியில் அவர் பெயரையும் எழுதுங்கள்.