உட்காரச் சொன்னால் எழுந்திருக்கும் பிள்ளைகள்

1968இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவில் ஒரு முதல் வகுப்பு, 48 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். எழுத்து வேலை கொடுத்தால் பல பிள்ளைகள் இடத்தில் இருப்பதில்லை. பென்சில் சீவ ஒருவன், பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்க்க ஒருத்தி, காரணமே இல்லாமல் இன்னும் சிலர் என்று எழுந்துவிடுவார்கள். சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் முதலிய உளவியலாளர்கள் முதலில் எண்ண மட்டும் செய்தார்கள். ஆசிரியைகள் 20 நிமிடத்தில் சுமார் 7 முறை ‘உட்கார்’ என்றார்கள். பிள்ளைகள் பத்து விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை எழுந்தார்கள்.

பிறகு அந்த ஆசிரியைகளிடம், “இன்னும் அடிக்கடி சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். ‘உட்கார்’ என்ற சொல் ஏறக்குறைய நான்கு மடங்கானது. எழுந்திருப்பது குறைந்திருக்க வேண்டும். ஆனால் பத்து விநாடிக்கு நாலரை முறையாக ஏறியது! சொல்வதைக் குறைத்ததும் பிள்ளைகள் எழுவதும் குறைந்தது. மறுபடி கூட்டினால் மறுபடி கூடியது. கடைசியில் ஆசிரியைகள், எழுந்தவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பாராட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் வகுப்பு ஆரம்பத்தில் இருந்ததைவிட அமைதியானது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘உட்கார்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை உட்காரத்தான் செய்தது. அதனால்தான் அதட்டல் பலிக்கிறது என்று ஆசிரியர் மனதார நம்புகிறார். அவர் கண்ணெதிரே அது பலித்துக்கொண்டே இருக்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் எத்தனை பேர் கூடுதலாக எழுந்தார்கள் என்பது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணினால் ஒழியத் தெரியாது.

ஏன் இப்படி? ஒரு செயலைத் தொடர்ந்து வரும் எதுவும், அந்தச் செயலை மீண்டும் செய்யவைத்தால், அதை ‘வலுவூட்டி’ என்கிறது நடத்தை அறிவியல். அது இனிப்பா, திட்டா என்பது பெரியவர்கள் போடும் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு, அத்தனை பேர் நடுவில் ஆசிரியை தன் பெயரைச் சொல்லித் தன்னைப் பார்ப்பதே பெரிய வரவு. ஒழுங்காக எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பார்வை கிடைப்பதில்லை. எழுந்தால் உடனே கிடைக்கிறது. ஆசிரியருக்கும் இதே விதிதான். அதட்டியதும் ஐந்து விநாடி அமைதி கிடைக்கிறது, ஆகவே மறுபடி அதட்டுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொள்கிறார்கள்.

அதே ஆண்டு பெக்கரின் குழு இதைத் தலைகீழாகவும் செய்து பார்த்தது. நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு வகுப்பில் ஆசிரியையிடம், பிள்ளைகளைப் பாராட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். குழப்படி பல மடங்கு பெருகியது. கண்டிப்பையும் கூட்டியபோது இன்னும் ஏறியது. நல்ல வகுப்பு என்பது பிள்ளைகளின் குணத்தால் மட்டும் அமைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் மட்டுமா பார்வையாளர்? பின்பெஞ்சுக்காரன் அடிக்கும் ஜோக்குக்குச் சிரிக்க வகுப்பே இருக்கிறதே. இந்த முடிச்சை அவிழ்த்தது கான்சாஸ் மாநிலத்தின் பால்ட்வின் சிட்டியில் ஒரு நான்காம் வகுப்பு. அங்கே 24 பிள்ளைகள். அவர்களில் 7 பேர் தலைமையாசிரியரிடம் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள். வகுப்பாசிரியை மியூரியல் சாண்டர்ஸ், ஹாரியட் பாரிஷ், மான்ட்ரோஸ் வுல்ஃப் ஆகிய மூவரும் 1969இல் வெளியிட்ட கட்டுரை, ‘நன்னடத்தை விளையாட்டு’ என்று இன்று உலகம் முழுக்க அறியப்படும் முறையின் தொடக்கம்.

வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது அனுமதியின்றி எழுந்தாலோ பேசினாலோ கரும்பலகையில் அந்த அணிக்கு ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்கு வெற்றி. இரண்டு அணியுமே குறைவாக வாங்கினால் இரண்டுக்கும் வெற்றி. பரிசுக்குச் செலவே இல்லை. சாப்பாட்டு வரிசையில் முதலிடம், பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம், பள்ளி முடியும் முன் அரைமணி நேரம் பிடித்த வேலை. கணக்குப் பாடத்தில் இதை ஆடியபோது வகுப்பு அடங்கியது. விளையாட்டு இல்லாத வாசிப்புப் பாடத்தில் அதே பிள்ளைகள் பழையபடியே இருந்தார்கள். விளையாட்டை நிறுத்தியதும் கணக்கு வகுப்பிலும் சத்தம் திரும்பியது. முன்பு சிரித்து ஊக்குவித்த நண்பர்களுக்கு இப்போது அந்தப் பின்பெஞ்சுக்காரன் அமைதியாக இருப்பதில் லாபம் இருந்தது.

ஆனால் அதே நண்பர்கள் ஒரு பிள்ளையைக் கரித்துக்கொட்டவும் கூடும். இரண்டு பேர் ஆட மறுத்து அணிக்குக் கோடு சேர்த்தபோது, அவர்களின் கணக்கைத் தனியாக வைத்தார்கள். இந்தச் சிறு ஏற்பாடு இல்லாமல் இதை ஆடக்கூடாது என்பது என் எண்ணம்.

பரிசு என்றதும் இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் நண்பர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தருகிறது. வண்ணப் பேனாக்களால் ஆசையாகப் படம் வரையும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த அழகான சான்றிதழ். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சில்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்கு விலை பேசக்கூடாது. இன்னும் பழகாததைப் பழக்கத்தான் பரிசு.

நல்ல நடத்தையைக் கவனித்துப் பாராட்டும் இந்த வழியைப் பள்ளி முழுவதற்கும் எப்படிக் கொண்டுபோவது? ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் ஆகியோர் வளர்த்த முறையில், மூன்று முதல் ஐந்து எளிய விதிகள்தான் இருக்கும். ‘ஓடாதே’ என்பதற்குப் பதில் ‘நடந்து போ’ என்று எழுதுவார்கள். சுவரில் ஒட்டினால் மட்டும் பயனில்லை. மேட்சனும் பெக்கரும் அதையும் சோதித்து, வெறும் விதியால் பெரிதாக எதுவும் மாறவில்லை என்று கண்டிருந்தார்கள். ஆகவே தாழ்வாரத்தில் எப்படி நடப்பது, சாப்பிட்ட தட்டை எங்கே வைப்பது என்று அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்ச் செய்து காட்டுகிறார்கள், கூட்டல் கழித்தல் சொல்லித்தருவது போலவே. உணவுக்கூட ஊழியரும் பஸ் ஓட்டுநரும் அதே சொற்களைப் பேசுகிறார்கள். மேரிலாந்து மாநிலத்தில் 37 தொடக்கப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, இந்த முறைக்கு மாறிய பள்ளிகளில் தலைமையாசிரியரிடம் அனுப்பப்படும் பிள்ளைகள் குறைந்தார்கள்.

நன்னடத்தை விளையாட்டின் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பால்டிமோர் சாட்சி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷெப்பர்ட் கெல்லம் 1985இல் அந்நகரின் 19 பள்ளிகளைக் கொண்ட சோதனையில், சில முதல் வகுப்புகளில் இந்த விளையாட்டைக் கொண்டுவந்து, பிள்ளைகளை 19–21 வயது வரை தொடர்ந்தார். சிறு வயதில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களில், விளையாட்டை ஆடியவர்கள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்தில் விழுவது கணிசமாகக் குறைந்திருந்தது. தற்கொலை எண்ணமும் ஆடிய பிள்ளைகளிடம் குறைவு.

அடுத்த ஆண்டு வந்த பிள்ளைகளுக்கு இந்த அளவு பலன் கிடைக்கவில்லை. விளையாட்டும் அதுவே, ஆசிரியர்களும் பெரும்பாலும் அவர்களே. முதல் ஆண்டில் வகுப்புக்கே வந்து பயிற்சியும் ஆலோசனையும் தந்தவர்களின் துணை மட்டும் குறைந்துபோயிருந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் 77 பள்ளிகளில் நடந்த சோதனையில் விளையாட்டால் வாசிப்புத் திறன் கூடவில்லை. பல வகுப்புகளில் சொன்ன அளவுக்கு விளையாட்டு ஆடப்படவே இல்லை. இத்தகைய திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிற அரசு, சுவரொட்டிக்கும் நட்சத்திர ஸ்டிக்கருக்கும் முன்னால், வாரம் ஒருமுறை ஆசிரியரின் வகுப்பில் வந்து உட்கார்ந்து, அவர் சரியாகச் செய்ததை எண்ணிச் சொல்லும் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.