ஓய்வுக்குப் பின் வீடு: கிள்ளானா, கோலாலம்பூரா?

தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, பணி ஓய்வு பெறும் நாளில் ஒரு தொழிலாளியின் முன் நிற்கும் முதற்கேள்வி, "இனி எங்கே குடியிருப்பது?" என்பதேயாகும். லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியதாகிறது. சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்த வீடு வாங்கும் வாய்ப்போ, நம்மில் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒரே முறைதான் கிட்டுகிறது. ஆகவே, அம்முடிவைப் பிறர் சொல்லை மட்டும் கேட்டு எடுத்துவிடாமல், நன்கு ஆராய்ந்து எடுப்பது நம் கடமையாகும்.

சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழும் நம் மக்களிடையே இக்கேள்வி பெரும்பாலும் இரண்டு ஊர்களின் பெயர்களாகவே எழுகிறது. ஒன்று கடலோரத்துக் கிள்ளான். மற்றொன்று உள்நாட்டுக் கோலாலம்பூர், அதிலும் சிறப்பாகப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம். "கடற்காற்று உடம்புக்கு நல்லது, கிள்ளானுக்கே போய்விடலாம்" என்பார் தந்தை. "வேலையும் வசதியும் கோலாலம்பூரில்தான் இருக்கின்றன, அப்பா" என்பான் மகன். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவர் கூற்றிலும் குறையும் உண்டு. அவற்றை இங்கு ஆராய்வோம்.

ஒரே ஆறு, ஒரே இருப்புப்பாதை

இக்கேள்வி நமக்குமுன் அரசாங்கத்திற்கே எழுந்த ஒன்றாகும். முன்பு சிலாங்கூரின் தலைநகராக விளங்கியது கிள்ளான். 1857-இல் ஈயம் தேடி ஆற்றுவழியே வந்தவர்களால் கோலாலம்பூர் உருவாயிற்று. ஈயத்தால் அது செழிக்கவே, 1880-இல் நிர்வாகத் தலைமையிடம் அங்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டே, அதாவது 1881-இல், தீயும் வெள்ளமும் அவ்வூரை அழித்தன. அதன்பின் மரமும் அத்தாப்பும் விலக்கப்பட்டுச் செங்கல்லால் வீடுகள் எழுந்தன. அச்செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். இரயில்வே ஊழியராகப் பணியாற்றிய நம் முன்னோர் பலர் அங்கேதான் குடியமர்ந்தனர்.

1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது கடல்வரை நீண்டது. 1901-இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1995 முதல் இப்பாதையில் மின்சாரக் கொமுட்டர் இரயில்கள் ஓடுகின்றன. 2001-இல் பிரிக்பீல்ட்ஸில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து கிள்ளானுக்கு இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணமே ஆகும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தந்தை கிள்ளானில் இருந்தாலும் மகன் கோலாலம்பூரில் வேலை செய்ய இயலும். ஆனால் வீடு இரயில் நிலையத்திற்கு அருகில் இருக்க வேண்டும். நிலையத்திற்கு நடந்து செல்லக்கூடிய கிள்ளான் வீடு, பேருந்து வசதியற்ற கோலாலம்பூர் வீட்டைவிட நகருக்கு அண்மையது எனலாம்.

கடற்காற்று உண்மையா?

பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பமுற்று மேலெழும்பும்போது, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இக்காற்று முதலிற் கிள்ளானைத் தொடுகிறது. கோலாலம்பூரை அடையும்போது அதன் குளிர்ச்சி குறைந்துவிடுகிறது. கட்டடங்கள் நெருங்கிய கோலாலம்பூரில் பகல் வெப்பம் இரவிலும் எளிதில் தணிவதில்லை. இவ்வளவில் தந்தையின் கூற்று சரியே.

எனினும், கடலோரம் என்பதனாலேயே காற்று தூயது என்று கருதிவிடுதல் தவறு. 2005 ஆகஸ்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட இடங்கள் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூருமே ஆகும். இரண்டும் கடலோர ஊர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், உப்புக் காற்றில் கூரைத் தகரமும் சன்னற் கம்பியும் விரைவில் துருப்பிடிக்கும். அச்செலவையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

நீர் வரும் வழி

காற்றைவிட முதன்மையானது நீர். இரு நகரங்களிலும் வெள்ளம் உண்டு. ஆனால் அது வரும் விதம் வேறு.

கோலாலம்பூரில் மாலை வேளையில் திடீரென இடிமழை கொட்டும். சாலையும் சிமெந்தும் மூடிய நிலம் நீரை உறிஞ்சாது. ஆதலால் சிறிது நேரத்திலேயே தாழ்ந்த இடங்கள் நிரம்பிவிடுகின்றன. இதனைக் குறைக்கவே 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்கம் 2007-இல் திறக்கப்பட்டது. இத்தகைய வெள்ளம் விரைந்து வரும். பெரும்பாலும் விரைந்தே வடியும்.

கிள்ளானின் நிலை வேறு. அங்கே கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நான்கு மீட்டர் ஆகும். கடல் ஏறியிருக்கும்போது தாழ்நிலத்து நீர் வெளியேற வழியில்லை. அவ்வேளையில் பெருமழையும் சேர்ந்தால் நீர் நின்றுவிடும். 2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெருமழை பெய்தது. 19-ஆம் நாள் பௌர்ணமி. ஆற்றோரமாக உள்ள ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் பல பகுதிகளிலும் மக்கள் பட்ட துன்பத்தை நாடே அறியும்.

தோட்டத்தில் ஓய்வு பெற்ற முதிய தம்பதியர் ஒருவரை நாம் அறிவோம். ஆற்றை ஒட்டிய குடியிருப்பொன்றில், மழையில்லாத மாதத்தில், சேமநிதியின் பெரும்பகுதியைக் கொடுத்து அவர்கள் வீடு வாங்கினர். அந்த டிசம்பரில் வீட்டினுள் நீர் மார்பளவு வந்தது. வெள்ளம் வடிந்தபின் சுவரைச் சுரண்டியபோது, புதுச் சாயத்தின் அடியில் பழைய வெள்ளத்தின் கோடு தென்பட்டது. "வாங்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா" என்று அந்த அம்மையார் நம்மிடம் கூறியதை இன்றும் மறக்க இயலவில்லை.

வீடு பார்க்கும் முறை

முதலாவதாக, வீட்டை ஒருமுறை பெருமழைக்குப் பின்னும், கிள்ளானாயின் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய கடலேற்ற வேளையிலும் சென்று பாருங்கள். மழைக்கு மறுநாள் எந்த நிரையில் நீர் தேங்கும் என்பதைப் பால்வெட்டும் தொழிலாளிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதே கண்ணோடு சாலையையும் வடிகாலையும் நோக்குங்கள். பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் அண்டை வீட்டாரை விசாரியுங்கள்.

இரண்டாவதாக, தரையிலும் சுவரிலும் வெடிப்பு உண்டா எனக் காணுங்கள். கிள்ளான் கடலோர நிலம் மென்மையான களிமண். சரியான அடித்தளமின்றிச் சேர்த்துக் கட்டிய அடுக்களை காலப்போக்கிற் கீழே இறங்கிவிடக்கூடும்.

மூன்றாவதாக, மருத்துவமனைக்குச் செல்லும் வழியை ஒருமுறை சென்றே பாருங்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உள்ளது. கோலாலம்பூரில் கோலாலம்பூர் மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் உள்ளன. இரு ஊர்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு; ஆதலால் பேரப்பிள்ளைகளின் கல்வியைக் குறித்துக் கவலை வேண்டியதில்லை.

நான்காவதாக, நிலப்பட்டாவைப் பாருங்கள். குத்தகை நிலமாயின் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்று கேளுங்கள். அடுக்குமாடி வீடாயின் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ஓய்வுக்குப் பின்னும் அது தொடரும். கோலாலம்பூரின் நடுப்பகுதியில் நிலவிலை மிகுதி. அங்கே சிறிய வீட்டிற்கு ஆகும் தொகையில் கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் சற்றுப் பெரிய வீடு கிடைப்பதுண்டு.

இறுதியாக, சேமநிதி முழுவதையும் வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். நோய்க்கும் நாளாந்தச் செலவுக்கும் ஒரு பகுதி கையில் இருத்தல் வேண்டும். கையொப்பம் இடுவதற்கு முன் சேமநிதி அலுவலகத்திற்கு நேரிற் சென்று விளக்கம் பெறுங்கள்.

கிள்ளானா, கோலாலம்பூரா என்ற கேள்விக்கு ஊரின் பெயர் விடையாகாது. மேட்டில் அமைந்து, நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் அண்மையில் இருந்து, கடன் சுமையின்றி வாங்கக்கூடிய வீடு எந்த ஊரில் கிடைக்கிறதோ, அந்த ஊரே நமக்கு நல்ல ஊர். தந்தையும் மகனும் சேர்ந்து, ஒரு மழைநாளில், குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவார்களாக.