சுருக்கம் இல்லாத வால்ரஸ்

தெற்கு லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுக் கூடத்தின் நடுவில், செயற்கைப் பனிப்பாறை மேல் ஒரு வால்ரஸ் நூறாண்டுக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறது. தந்தமும் மீசையும் சரியாகத்தான் இருக்கின்றன. உடம்பில்தான் கோளாறு: ஒரு மடிப்புகூட இல்லாமல், ஊதிய பலூன்போல் விம்மி நிற்கிறது.

இதை வாங்கிய ஃப்ரெடரிக் ஹார்னிமன் தேயிலை வியாபாரி. தேயிலையில் கண்ட தழையையும் கலந்து விற்ற காலத்தில், அவருடைய அப்பா ஜான் 1826-இல் முத்திரையிட்ட பொட்டலத்தில் சுத்தமான தேயிலை விற்றுப் பேரும் பணமும் சேர்த்தவர். மகன் அந்தப் பணத்தில் பூச்சி, சிலை, இசைக்கருவி என்று வாங்கிக் குவித்தார். இலங்கை, பர்மா, சீனா, ஜப்பான் என்று தாமே சுற்றியது பின்னாளில்தான். அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. 1890-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1901-இல் புதுக் கட்டடத்தோடு எல்லாவற்றையும் லண்டன் மக்களுக்கே கொடுத்தார்.

வால்ரஸ் கனடாவின் ஹட்சன் விரிகுடாவைச் சேர்ந்தது. பாடம் செய்தவர்கள் உயிருள்ள வால்ரஸைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. கைக்குக் கிடைத்தது தோல். அதில் தொளதொளவென்று மடிப்புகள்; உள்ளே இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்து, மடிப்பெல்லாம் மறையும்வரை அடைத்துவிட்டார்கள்.

உண்மையில் வால்ரஸின் தோல் 2 முதல் 4 செ.மீ. தடிமன். ஆணின் கழுத்திலும் தோளிலும் அதைவிடத் தடித்து, சண்டையில் எதிராளியின் தந்தத்தைத் தாங்கும் கவசமாகிறது. இவ்வளவு தடித்த தோல் உடம்போடு வளைந்து கொடுக்க மடிப்பு வேண்டும்தானே! குளிர்நீரில் இறங்கினால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி விலங்கு வெளிறிப்போகும். கரையேறி வெயில் காய்ந்தால் ரத்தம் திரும்பி இளஞ்சிவப்பாகும். பாடம் செய்த தோலில் இந்த வித்தைக்கு வழியில்லை.

அருங்காட்சியகம் அதைப் பிரித்துத் திருத்தவில்லை. நல்லதுதான், திருத்தியிருந்தால் அது இன்னொரு வால்ரஸ், அவ்வளவே.

தோற்றத்தால் ஏமாற்றிய இன்னொன்றும் அங்கேயே உண்டு: ஒரு 'கடல் மனிதன்'. மருந்து வியாபாரி ஹென்றி வெல்கமின் சேகரிப்பிலிருந்து பின்னாளில் வந்தது. மேல்பாதி குரங்கு, கீழ்ப்பாதி மீன் என்று நம்பினார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மீனின் தாடை, மீன் தோல், மரம், களிமண், கம்பி, காகிதக்கூழ் எல்லாம் தெரிந்தன. குரங்கின் எலும்பு ஒன்றுகூட இல்லை.